யார் பெயரில் விடுமுறை?

2023 பிப்ரவரி 6, திங்கட்கிழமை. அயர்லாந்து அரசு புனித பிரிஜித் நாளுக்காக முதன்முறையாகப் பொது விடுமுறை விட்டது அன்றுதான். அந்நாட்டின் பொது விடுமுறைகளில் அது பத்தாவது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய முதல் விடுமுறையும் அதுவே. அதுவரை அயர்லாந்து என்றதும் உலகத்தின் நினைவுக்கு வந்த நாள் மார்ச் 17, புனித பத்திரிசியார் நாள். பச்சை உடை, ஊர்வலம், மூவிலைத் தழை, மதுக்கடை என்று ஓர் ஆண் துறவியின் நினைவு நாள் ஒரு தேசத்தின் முகமாகவே ஆகிவிட்டது. அது சட்டப்படியான விடுமுறையானது 1903இல். அதற்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் ஏற 120 ஆண்டுகள் பிடித்தன.

சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்துகொண்டு இதைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்து விடுமுறைகளின் பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று என்னைத் தூண்டியது இந்தச் செய்திதான்.

ஆடி பதினெட்டை எடுத்துக்கொள்வோம். மேட்டூர், பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று காவிரி தொட்டுப் போகும் இடமெல்லாம் அன்று பெண்கள் கூட்டம். முளைப்பாரி கரைப்பதும், காதோலை கருகமணி வைத்துப் படைப்பதும், மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வதும் பெண்கள்தான். அந்த நாளை ஒட்டி நாமக்கல் மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். ஆனால் ஆணையில் இருக்கும் பெயர் வல்வில் ஓரி விழா. கொல்லிமலையை ஆண்ட சங்ககாலக் குறுநில மன்னன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், வில்லாற்றலுக்குப் பெயர் பெற்றவன். ஓரி மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் நிற்கும் நாளில், விடுமுறைக்குப் பெயர் கொடுக்க ஒரு வில்லாளி தேவைப்பட்டிருக்கிறான் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பத்திரிசியார் வராத ஊர்

பத்திரிசியார் சென்னை வரைக்கும் வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களில் பெரும்பங்கினர் ஐரிஷ் ஏழைகள். சென்னையில் கம்பெனி திரட்டிய ஐரோப்பியப் படைப்பிரிவு 1862இல் பிரிட்டிஷ் அரசுப் படையோடு இணைந்து ராயல் மெட்ராஸ் பியூசிலியர்ஸ் ஆனது. 1881இல் அதே பிரிவு ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் படையின் முதல் பட்டாளமாயிற்று. மெட்ராஸ் என்ற பெயர் போய் டப்ளின் என்ற பெயர் ஏறிய படை அது. பரங்கிமலையில் பத்திரிசியார் பெயரில் ஒரு தேவாலயமும், அடையாற்றில் அவர் பெயரிலேயே ஒரு பள்ளியும் இருப்பதற்கு இந்த ஐரிஷ் தொடர்பே காரணம். அந்தச் சிப்பாய்களோடு வாழ்ந்த தமிழ்ப் பெண்களோ ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கிறித்துவப் பெயராக மட்டும் மிஞ்சினார்கள். அப்பன் பெயர், ஊர், சாதி எதுவும் இல்லாமல் ஒரு மேரி, ஒரு அன்னா.

ஐரிஷ் பெண்களும் வந்தார்கள். கார்க் நகரில் 1775இல் நானோ நேகிள் என்ற பெண் தொடங்கிய பிரசன்டேஷன் சபையின் கன்னியர் 1842இல் சென்னைக்குக் கப்பலேறி வந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர்களின் கல்விக்குச் சட்டத் தடை இருந்த காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவாகப் பள்ளி நடத்தியவர் நேகிள். அந்தச் சபை 1909இல் தொடங்கிய பள்ளிதான் சென்னையின் சர்ச் பார்க். அங்கே படித்த ஒரு பெண் பின்னாளில் இந்த மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார்.

சேலத்துக்கு இந்தத் தடம் வரவில்லை. இங்கே கத்தோலிக்க மறை பரப்பியவர்கள் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயரும் பிரெஞ்சுக்காரரே. சேலத்திலும் ஏற்காட்டிலும் பெண்களுக்குப் பள்ளி நடத்திய குளூனி கன்னியரின் சபையைத் தொடங்கியவரும் ஒரு பிரெஞ்சுப் பெண். கொல்லிமலைப் பக்கம் வந்த பிராட்டஸ்டன்ட் மிஷனரிகள் ஆங்கிலேயர்கள். ஆகவே எங்கள் ஊர்க் கிறித்துவர்களுக்கு அந்தோணியார் உண்டு, செபஸ்தியார் உண்டு, லூர்து மாதா உண்டு. பத்திரிசியாருக்குத் தேர் இழுப்பவர் இல்லை. மார்ச் 17 இந்தச் சமவெளியில் பங்குனி மாதத்துத் தொடக்க வெயில், அவ்வளவுதான்.

வராத ஒரு பண்டிகையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தப் பண்டிகையின் நிழலில் மறைந்துபோன பெண்களின் நாட்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் எங்கள் தை மாதத்துக்கும் நடந்தது ஏறக்குறைய ஒன்றேதான்.

ஐரிஷ் பெண்களின் மூன்று நாட்கள்

முதலாவது ஷீலா நாள். மார்ச் 18. பத்திரிசியாருக்கு ஷீலா என்றொரு மனைவி இருந்தாள் என்பது ஐரிஷ் நாட்டார் நம்பிக்கை. சிலர் அவளைத் தாய் என்றும் சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அயர்லாந்திலும், ஐரிஷ் மக்கள் குடியேறிய ஆஸ்திரேலியாவிலும் நியூபவுண்ட்லாந்திலும் பத்திரிசியார் நாளுக்கு மறுநாள் ஷீலாவுக்குக் கொண்டாட்டம் நடந்ததைப் பழைய செய்தித்தாள்கள் காட்டுகின்றன. துறவிக்கு மனைவி என்பது திருச்சபைக்கு உவப்பானதாக இருந்திருக்க முடியாது. அவள் மெல்ல மறைந்தாள். நியூபவுண்ட்லாந்தில் மட்டும், மார்ச் நடுவில் அடிக்கும் பனிப்புயலுக்கு ‘ஷீலாவின் துடைப்பம்’ என்று இன்னமும் பெயர். கொண்டாட்டம் போனாலும் அவள் கையில் துடைப்பம் மிஞ்சிவிட்டது.

இரண்டாவது ஜனவரி 6, பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க், கெர்ரி வட்டாரங்களில் வலுவாக இருந்த வழக்கம். கிறிஸ்துமஸ் பன்னிரண்டு நாளும் சமைத்து, துலக்கி, விருந்தினரைக் கவனித்துக் களைத்த பெண்கள் அன்று வேலையைக் கீழே போடுவார்கள். வீட்டு வேலை அன்று ஆண்களின் பொறுப்பு. பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித் தேநீர் குடித்து, கேக் தின்று, கதை பேசுவார்கள். பண்டிகை என்பது பெண்ணின் உழைப்பால் நடப்பது என்பதை ஒரு சமூகம் ஒப்புக்கொண்டு அதற்கு ஈடாக ஒரு நாளையும் ஒதுக்கியது என்பதே இதன் சிறப்பு. ஆனால் அரசு விடுமுறைப் பட்டியலில் இதற்கு இடம் இல்லை.

மூன்றாவது பிப்ரவரி 1, பிரிஜித் நாள். கிறித்துவத்துக்கு முன்பு இதே பெயரில் ஒரு தெய்வம் இருந்தாள். ஐந்தாம் நூற்றாண்டில் பிறந்ததாகச் சொல்லப்படும் துறவி பிரிஜித்தின் வரலாற்றில் அந்தத் தெய்வத்தின் கதைகள் எவ்வளவு கலந்தன என்று பிரித்துச் சொல்வது கடினம். கதைப்படி அவள் ஒரு தலைவனுக்கும் அவன் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவள். கில்டேரில் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த மடத்தின் தலைவி. மடத்துக்கு நிலம் கேட்டபோது, உன் போர்வை மூடும் அளவு எடுத்துக்கொள் என்று மன்னன் கேலியாகச் சொன்னான். அவள் விரித்த போர்வை படர்ந்து படர்ந்து ஒரு சமவெளியையே மூடியது என்பார்கள்.

பிரிஜித் கால்நடைக்கும் பாலுக்கும் காவல். குளிர் தணிந்து ஆடுமாடு பால் சுரக்கத் தொடங்கும் பருவம் அது. முந்தின நாள் மாலை கோரையை அறுத்து வந்து சிலுவை பின்னி வாசலுக்கு மேலும் தொழுவத்திலும் செருகுவார்கள். இரவில் ஒரு துண்டுத் துணியை வெளியே போட்டுவைப்பார்கள். பிரிஜித் கடந்துபோகும்போது அதைத் தொட்டால் துணிக்கு நோய் தீர்க்கும் குணம் வரும். பிள்ளைப்பேற்றில் துன்பப்படும் பெண்ணுக்கும், தலைவலிக்கும், கன்று ஈனும் மாட்டுக்கும் அந்தத் துணிதான் மருந்து.

இதைப் படிக்கும் கொங்கு நாட்டுப் பெண் எவளுக்கும் போகி மாலை நினைவுக்கு வரும். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசல் கூரையிலும், மாட்டுக் கொட்டகையிலும், கிணற்றடியிலும், காட்டின் மூலையிலும் செருகும் காப்புக்கட்டு. இரண்டுக்கும் வரலாற்று உறவு ஏதும் இல்லை. மாட்டையும் மண்ணையும் நம்பிய இரு சமூகங்கள் பருவம் திரும்பும்போது பச்சையை எடுத்து வாசலில் கட்டின. வேறுபாடு அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

தை மூன்று

கொங்குப் பேச்சில் பண்டிகைக்குப் பெயர் நோம்பி. தீபாவளி நோம்பி, பொங்கல் நோம்பி, மாரியம்மன் நோம்பி. சொல்லின் வேர் நோன்பு. கொண்டாட்டத்துக்குப் பட்டினி என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது. அந்தப் பட்டினி யாருடையது என்று என் அம்மாயிக்குத் தெரிந்திருந்தது. “ஆம்பளைக்கு நோம்பி, பொம்பளைக்கு வேலை” என்பார். வெள்ளையடிப்பது, சாணி மெழுகுவது, முறுக்கு சுடுவது, கச்சாயம் போடுவது, கோலம், பொங்கல், பட்டிப் பொங்கலுக்கு மாடு கழுவுவது, வந்தவர்களுக்கு இலை போடுவது என்று மூன்று நாளும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு நாள் அவருக்கும் இருந்தது. தை மூன்றாம் நாள், சில ஊர்களில் அதற்கடுத்த நாள், பூப்பறிக்கிற நோம்பி. பெண் பிள்ளைகளும் பெண்களும் தின்பண்டங்களைக் கட்டிக்கொண்டு கரட்டுப் பக்கம் போவார்கள். ஆவாரம்பூ பறிப்பார்கள். வட்டமாக நின்று கும்மி அடிப்பார்கள். கொண்டுபோனதைப் பங்கிட்டுத் தின்றுவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார்கள். ஆண் துணை இல்லாமல், ஒரு காரியமும் இல்லாமல், பெண்கள் கூட்டமாக ஊர் எல்லையைத் தாண்டி ஒரு பகல் முழுக்க வெளியே இருப்பதற்கு ஆண்டில் கிடைத்த ஒரே உரிமை அது. ஐரிஷ் பெண்களின் ஜனவரி 6க்கு எங்கள் ஊரில் ஒரு தங்கை இருந்தாள் என்றால் இவள்தான்.

இதைப் பொன்னாக்கிப் பேச நான் விரும்பவில்லை. நல்ல மாப்பிள்ளை கிடைக்க வேண்டும் என்று சொல்லித்தான் கன்னிப் பெண்களை அனுப்பினார்கள். எங்கள் பக்கம் ஊர்த்தெருப் பெண்கள் ஒரு கூட்டமாகவும் காலனிப் பெண்கள் வேறு கூட்டமாகவும் போனார்கள். கும்மியின் வட்டம் சாதியைத் தாண்டி விரிந்ததில்லை. ஆடி பதினெட்டிலும் இதே கதைதான். மஞ்சள் கயிறு மாற்றும் சடங்கில் கணவனை இழந்தவளுக்கு இடம் இல்லை. பெண்களின் நாள் என்று நாம் பெருமைப்படும் ஒவ்வொன்றிலும் எந்தப் பெண்கள் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இருந்தும் அந்த நாள் தேய்ந்ததற்குக் காரணம் இந்தக் குறைகள் அல்ல. கரடு வீட்டுமனையாயிற்று. ஆவாரஞ்செடி அருகிற்று. பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், அது நல்லது. கூடவே வேலைக்கும் போனார்கள், அங்கே நோம்பி இல்லை. மரவள்ளிக் கிழங்கு வெட்டும் பருவத்துக்குள் தை மாதம் விழுகிறது. சேகோ ஆலைகளில் கிழங்குத் தோல் உரிப்பவர்கள் பெண்கள். உரித்த அளவுக்குத்தான் கூலி, உரிக்காத நாளுக்குக் கூலி இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் பொங்கல் அன்றும் கோழி முட்டையிடுகிறது. அதைப் பொறுக்கி அட்டையில் அடுக்க ஆள் வேண்டும். சேலத்து வீடுகளில் வெள்ளிக் கொலுசுக்குக் கண்ணி கோக்கும் பெண்ணுக்கும், குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்கு வீட்டிலிருந்து தார் சுற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கும் விடுமுறை தரும் முதலாளி யார் என்பதே தெளிவாக இல்லை.

இதற்கு நடுவே அரசு தை மாத நாட்களுக்குப் பெயர் வைத்தது. தை ஒன்று பொங்கல். தை இரண்டு திருவள்ளுவர் நாள். தை மூன்று உழவர் திருநாள். மூன்றுமே அரசு விடுமுறை. நாற்று நடுவதும், களை எடுப்பதும், கடலை ஆய்வதும், பருத்தி எடுப்பதும் பெண்களாக இருக்கும் மண்ணில் உழவர் என்ற சொல் யாருடைய உருவத்தைக் கண்முன் கொண்டுவருகிறது என்று சுவரொட்டிகளைப் பார்த்தால் தெரியும். தோளில் கலப்பையோடு, தலைப்பாகை கட்டிய ஆண். பெண்கள் பூப்பறிக்கப் போன நாள் அரசு நாட்காட்டியில் அவன் பெயரில்தான் இருக்கிறது.

குடிக்கிற நாள், குடிக்காத நாள்

பத்திரிசியார் நாள் என்றால் உலகம் முழுக்கக் குடி என்று ஆகிவிட்டது. அயர்லாந்தில் அது நெடுங்காலம் அப்படி இருக்கவில்லை. சுதந்திர அயர்லாந்து 1920களில் அந்த நாளில் மதுக்கடைகளை மூடச் சட்டம் செய்தது. 1960 வாக்கில்தான் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் டப்ளினில் அன்று சட்டப்படி மது கிடைத்த இடம் நாய்க் கண்காட்சி என்பார்கள். அன்றைக்கு நகரத்துப் பெரிய மனிதர்கள் பலருக்கு நாய்கள் மீது திடீர் அன்பு பிறந்ததாம்.

மதுவும் விடுமுறையும் எங்கள் ஊர் வரலாற்றிலும் சேர்ந்தே வருகின்றன. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று சேலத்துக்குள்தான் இருந்தன. முதலமைச்சர் ராஜாஜி சேலத்தில் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தவர். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, பிறகு மறுபடியும் போனது. 1983இல் டாஸ்மாக் தொடங்கியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது.

இந்த வரவு செலவு எல்லாம் பெண்களின் கண்ணீரைச் சொல்லியே நடந்தன. முடிவெடுத்த அவைகளிலோ பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். இன்று குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நாள் போன்ற நாட்களில் கடை அடைப்பு. அதாவது தை இரண்டில் கடை இல்லை, ஒன்றிலும் மூன்றிலும் உண்டு. முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்வது டப்ளின்காரருக்கும் தெரியும், ராசிபுரத்துக்காரருக்கும் தெரியும். பெரியவர்களின் மரியாதைக்காக மூடும் கடை, பெண்கள் நிம்மதியாக வீதியில் நடக்க வேண்டும் என்பதற்காக மூடும் நாள் ஒன்று உண்டா? மார்ச் 8இல் கடை திறந்தே இருக்கிறது.

வந்து சேர்ந்த ஐரிஷ்காரி

பத்திரிசியார் வராவிட்டாலும் ஒரு ஐரிஷ் பெண்ணின் வேலை இந்தச் சமவெளி வரை வந்தது. ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் என்ற ஊரில் 1878இல் பிறந்த மார்கரெட் கசின்ஸ். ஹன்னா ஷீஹி ஸ்கெபிங்டனோடு சேர்ந்து 1908இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கியவர். வாக்குரிமைப் போராட்டத்துக்காக 1910இல் லண்டனிலும் 1913இல் அயர்லாந்திலும் சிறை போனவர். 1915இல் இந்தியா வந்தார். 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட தூதுக்குழு அவருடைய முயற்சியில் அமைந்தது. 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை, பெண் என்பதாலேயே வாக்கு இல்லை என்ற விதியை நீக்கியது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். சொத்துத் தகுதி நீடித்ததால் சேலத்து உழவுக்கூலிப் பெண்ணுக்கு அன்று அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு வாக்கு வர இந்தியா குடியரசாக வேண்டியிருந்தது. ஆனாலும் கதவின் முதல் தாழ் விலகியது அப்போதுதான். 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காகக் கசின்ஸ் வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

கசின்ஸைத் தேவதையாக்க வேண்டியதில்லை. அவர் போன்றவர்களின் இந்தியப் பணியில் வெள்ளைப் பெண்ணின் தாய்மைத் தோரணையும் இருந்தது, ஆட்சியாளரை எதிர்த்து நின்ற துணிவும் இருந்தது. இந்த இரண்டையும் இலங்கைப் பெண்ணிய வரலாற்றாசிரியர் குமாரி ஜெயவர்தன தம் நூலில் எடைபோட்டிருக்கிறார். நான் சொல்ல வருவது வேறு. அயர்லாந்தின் மரபு என்று எதைக் கொண்டாடுவது என்ற கேள்விக்கு அந்நாட்டுப் பெண்கள் பாம்பை விரட்டிய துறவியை மட்டும் விடையாக ஏற்கவில்லை. சன்னல் கண்ணாடியை உடைத்துச் சிறை போனவளும் அந்த மரபுதான் என்றார்கள். பிரிஜித் நாளைப் பொது விடுமுறையாக்கக் கேட்டு ஹெர்ஸ்டோரி என்ற பெண்கள் அமைப்பு இயக்கம் நடத்தியதும் அந்தத் தொடர்ச்சியில்தான்.

அரசு இணங்கியதற்குக் கொரோனாவும் ஒரு காரணம். பெருந்தொற்றில் உழைத்தவர்களையும் இறந்தவர்களையும் நினைவுகூர ஒரு நாள் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 2022 ஜனவரியில் அரசு இரண்டு அறிவிப்புகளைச் சேர்த்து வெளியிட்டது. அந்த ஆண்டு மட்டும் மார்ச் 18 விடுமுறை. அடுத்த ஆண்டு முதல் பிப்ரவரியின் முதல் திங்கள் பிரிஜித் நாள், பிப்ரவரி 1 வெள்ளியாக வந்தால் அந்த வெள்ளியே. மார்ச் 18 ஷீலாவின் நாள் என்பதை அரசு ஆணை சொல்லவில்லை. ஊருக்கு உழைத்து இறந்தவர்களை நினைக்க, அறியாமலேயே அவளுடைய நாளைத் தொட்டுவிட்டார்கள்.

பெயர் மட்டும் போதுமா

போதாது. இதையும் அயர்லாந்துதான் காட்டுகிறது. 2012 அக்டோபர் 28 அன்று கால்வே நகர மருத்துவமனையில் சவிதா ஹலப்பனவர் இறந்தார். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், வயது 31. பதினேழு வாரக் கரு கலைந்துகொண்டிருந்தது, காப்பாற்ற வழி இல்லை. கருவை அகற்றும்படி அவர் கேட்டும், கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள். நச்சுப்பரவலால் உயிர் போனது. ஏழாம் நூற்றாண்டில் காகிடோசஸ் எழுதிய பிரிஜித் சரிதத்தில், கன்னிமை நோன்பு பூண்டிருந்தும் கருவுற்ற ஒரு பெண்ணைப் பிரிஜித் ஆசீர்வதிக்க, வலியின்றிக் கரு மறைந்ததாக ஓர் அற்புதம் வருகிறது. பிரிஜித்தைப் பாதுகாவலியாக வணங்கிய நாடு அந்த அற்புதத்தை மறந்திருந்தது. சவிதாவின் சாவு கிளப்பிய சினத்துக்குப் பிறகு, 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் கருக்கலைப்புத் தடையை நீக்க வாக்களித்தார்கள். விடுமுறை வருவதற்கு முன்பே சட்டம் மாறியது. அந்த வரிசை முக்கியம்.

எங்கள் வரிசை தலைகீழ். அம்மனுக்கு ஆடி முழுக்கத் திருவிழா எடுக்கும் சேலத்தில்தான், பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க வேண்டி வந்தது. பிரிஜித்தின் போர்வைக்கு மன்னன் நிலம் கொடுத்தான் என்பது கதை. தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது சட்டம், அதுவும் அன்றைக்குத் திருமணமாகாதவளுக்கு மட்டும். 2005இல் நாடு முழுமைக்கும் அந்த உரிமை விரிந்தது. இருந்தும் எங்கள் பக்கம் அண்ணன் தம்பி கேட்டால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதே நல்ல பெண்ணுக்கு அழகு. கொடுத்ததற்குக் கைமாறாகத் தை மாதம் பொங்கல் சீர் வரும். ஒரு புடவையும், கரும்பும், வெல்லமும், அரிசியும். ஏக்கர் கணக்கில் போனது முழக் கணக்கில் திரும்பும்.

ராசிபுரத்திலிருந்து போய்க் கார்க் நகரில் செவிலியாக இருக்கும் தோழி ஒருத்தியிடம் பிரிஜித் நாளைப் பற்றிக் கேட்டேன். “லீவு ஊருக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு ஏது லீவு?” என்றாள். பெருந்தொற்றில் உழைத்தவர்களையும் மனதில் வைத்து வந்த விடுமுறை அன்று செவிலிகள் பணியில்தான் இருக்கிறார்கள். ஆனால் பொது விடுமுறையில் வேலை செய்தால் கூடுதல் ஊதியமோ மாற்று விடுப்போ தர வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. பகுதிநேர வேலையாளும் முந்தைய ஐந்து வாரத்தில் 40 மணி நேரம் உழைத்திருந்தால் அதற்கு உரியவர்.

நம்மிடமும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தொழில் நிறுவனங்களில் நான்கு தேசிய நாட்கள், ஐந்து பண்டிகை நாட்கள் ஆக ஒன்பது நாள் ஊதியத்தோடு விடுமுறை. அன்று வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது மாற்று விடுப்பு. சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்கும் பெண்ணுக்கே இதைக் கேட்டு வாங்குவது பாடு. கண்ணி கோக்கிறவளுக்கும் தார் சுற்றுகிறவளுக்கும் பதிவேடே இல்லை. ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, வங்கிகள் மூடா, ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றால் அம்மாவுக்கு அன்று இன்னொரு வேளைச் சமையல்.

ஆகவே தை மூன்றுக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டுங்கள் என்று கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்ளப் போவதில்லை. பெயர் வரட்டும். உழவர் திருநாளின் சுவரொட்டியில் களைக்கொத்தோடு ஒருத்தி நிற்கட்டும். ஆடி பதினெட்டின் ஆணையில் ஓரியின் பெயருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைப் பெண்களுக்கும் ஒரு வரி கிடைக்கட்டும், அந்தக் கரையில் கைம்பெண்ணும் நிற்கட்டும். அதற்கும் முன்னால், தோல் உரிக்கும் பெண்ணுக்கும் முட்டை பொறுக்கும் பெண்ணுக்கும் அந்த நாளின் கூலி குறையாமல் வர வேண்டும். அன்று வீட்டு அடுப்பை வேறு யாராவது பற்றவைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பெண்கள் வேலையைக் கீழே வைத்தால் இந்தச் சமவெளியில் என்னென்ன நின்றுபோகும் என்பதை அன்று எல்லோரும் எண்ணிப் பார்க்கலாம்.